பெட்டியை வைப்பவரும் பார்ப்பவரும்

ஓரிடத்தில் சிறு பெட்டியொன்றை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவித்துவிட்டு, முன்பின் அறியாத ஒருவர் அதனைத் தேடி வருவதற்காகக் காத்திருப்பதும் ஒரு பொழுதுபோக்கா என்று சிலர் கேட்கக்கூடும். 'ஜியோகேஷிங்' என்ற பெயரில் உலகின் 190 இற்கும் மேற்பட்ட நாடுகளில் ஆடப்படும் விளையாட்டு இது. கைத்தொலைபேசியிலோ ஜி.பி.எஸ். கருவியிலோ ஆள்கூறுகளைப் பார்த்து இடத்தை அடைய வேண்டும். பெட்டியைத் தேடியெடுத்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுத வேண்டும். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் சிறு பொருட்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஈடாக வேறொன்றை வைக்கலாம். இவ்வாறு உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் உள்ளன. இலங்கையில் உள்ளவை மிகச் சொற்பமே.

நமது நாட்டைச் சுற்றிப் பார்க்க வரும் பயணி ஒருவர், இந்த விளையாட்டை எவரும் அறியாத ஓர் ஊரில், தமக்குப் பின்னால் வருவோருக்காக ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா? இதுவே இங்கு எனது கேள்வி. வைக்கலாம்; ஆனால், அதைப் பற்றி அறிந்து பார்த்துக்கொள்ள அந்த ஊரில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது எனது கருத்து. அப்படி ஒருவர் இல்லையெனில் வைக்காமல் விடுவதே நல்லது. அதற்கான காரணங்கள் நமது நாட்டைப் பொறுத்தவரை சற்றுக் கனமானவை.

இந்த விளையாட்டு பிறந்த கதையை முதலில் பார்ப்போம். அமெரிக்கா தனது ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞையை, பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளுக்குத் துல்லியமாகக் கிடைக்காதவாறு பல ஆண்டுகள் வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. சாதாரண கருவி காட்டும் இடம் ஏறத்தாழ 100 மீற்றர் வரை பிசகக்கூடும். 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி பில் கிளின்டனின் அறிவிப்புடன் அந்தத் தடை நீக்கப்பட்டது. மே 3 ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர், ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு அண்மையிலுள்ள பீவர்கிறீக்கில் கறுப்பு வாளியொன்றை வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையக் குழுவொன்றில் வெளியிட்டார். வாளிக்குள் ஒரு கொப்பி, பென்சில், புத்தகங்கள், கவண், ஒரு ரின் அவரை ஆகியன இருந்தன. சில நாட்களுக்குள்ளேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் இதற்கென இணையத்தளமும் தொடங்கப்பட்டது.

அந்த மே மாதத்தில் நாம் எங்கு நின்றோம் என்பதை வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனையிறவு முகாம் 2000 ஏப்ரல் 22 இல் வீழ்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. குடாநாட்டில் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் பத்திரிகைகள் தணிக்கையின் கீழ் இருந்தன. வழியில் கிடக்கும் வாளியைத் திறந்து பார்ப்பது அமெரிக்கக் காடொன்றில் விளையாட்டான அதே நாட்களில், வழியில் கிடக்கும் எதையும் தொடாதே என்று நாம் நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பயணி ஏன் பெட்டி வைக்க விரும்புகிறார் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் ஈடுபடுவோரில் பலர் தாம் போகும் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது ஒரு பெட்டியையேனும் கண்டுபிடிக்க விரும்புபவர்கள். ஓர் ஊரில் எதுவுமே இல்லையென்று காணும் ஒருவர், அடுத்து வருபவருக்காவது ஒன்று இருக்கட்டுமே என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால், இணையத்தளத்தின் விதிகள் இதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. விடுமுறையில் போன இடத்தில் பெட்டி வைப்பதாயின், அதனைத் தொடர்ந்து பராமரிக்கும் ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். பராமரிப்பின்றிக் கிடக்கும் பெட்டிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படும். இப்படியிருந்தால் இந்த விளையாட்டு புதிய நாடுகளுக்கு எப்படிப் பரவும் என்று பயணிகளில் சிலர் குறைப்படுகிறார்கள். அக்குறையில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், விதியே சரி என்பது எனது எண்ணம்.

முதலாவது காரணம் எளிய கணக்கு. பெட்டிகள் நிறைந்த ஐரோப்பிய நகரமொன்றில் ஒன்று தொலைந்தால் இழப்பு ஏதுமில்லை. இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும் என்று விதி வைக்கவேண்டிய அளவுக்கு அங்கு நெருக்கம். தேடுபவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நமது மாவட்டமொன்றில் இருப்பதே ஒன்றாயின், அது தொலைந்தபின் வருபவர் பஸ் ஏறி, முச்சக்கரவண்டி பிடித்து, கொளுத்தும் வெயிலில் வந்து நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பெட்டிகள் அரிதான இடத்திலேயே பராமரிப்பு அதிகம் தேவைப்படுகிறது. பராமரிக்க ஆளில்லாத இடமும் அதுவேதான்.

இரண்டாவது காரணம் நமது மண். வடகீழ்ப் பருவக்காற்று மழையொன்றைத் தாண்டியபின் மூடி சரியாக இறுகாத பெட்டிக்குள் இருக்கும் கொப்பி கூழாகிவிடும். கறையானும் எறும்பும் மழைக்காகக் காத்திருப்பதில்லை. இன்னுமொன்று: இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி நமது வீடுகளில் பெறுமதியுள்ள பொருள். மிளகாய்த்தூள் போட்டு வைக்க உதவும். மரப்பொந்தில் அதைக் காணும் ஒருவர் வீட்டுக்குக் கொண்டு போனால் அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அது யாருடையது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லையே.

மூன்றாவது காரணமே முதன்மையானது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் உணவகமொன்றின் வெளியே இவ்வாறு வைக்கப்பட்டிருந்த சிறு பெட்டியொன்றை வெடிகுண்டு என்று சந்தேகித்து, இராணுவ வல்லுநர்கள் வெடிக்க வைத்து அழித்தார்கள். அமைதியான சிறுநகரில், இந்த விளையாட்டை நன்கு அறிந்த நாட்டில் இது நடந்தது. கொழும்பில் உரிமையாளரற்ற பொதியொன்று பஸ் ஆசனத்துக்கு அடியில் கிடந்தால், 'யாருடைய பை இது?' என்ற ஒற்றைக் கேள்வியில் முழு பஸ்ஸும் இறங்கி நின்ற காலத்தை அனுபவித்தவர்கள் நாங்கள். 2009 இல் போர் முடிந்தது. அந்தப் பழக்கம் மெல்ல மறையத் தொடங்கிய வேளையில் 2019 ஏப்ரல் 21 இன் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்கள் மீண்டும் அதனைக் கொண்டுவந்து சேர்த்தன.

வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை இன்னும் வேறு. முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல்லாண்டுகள் கடந்தும் மிதிவெடி அகற்றும் பணி தொடர்ந்தது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை இணைந்ததே 2017 டிசம்பரில்தான். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் விலகி நில், அறியாத பொருளைத் தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்று அங்குள்ள சிறுவர்களுக்குப் பாடசாலைகளில் கற்பிக்கப்பட்டது. அந்தப் பாடம் பல உயிர்களைக் காத்த பாடம். பற்றையை விலக்கிப் பார், கல்லைப் புரட்டிப் பார், உள்ளே பரிசு இருக்கும் என்று சொல்லும் விளையாட்டு அதற்கு நேர்மாறானது. மேல்நாடுகளில் இவ்விளையாட்டுக்காரர் பெரிதும் விரும்பும் பெட்டி எது தெரியுமா? இராணுவம் கழித்துவிட்ட பச்சை நிற இரும்புத் தோட்டாப் பெட்டி. தண்ணீர் புகாது, நெடுங்காலம் உழைக்கும் என்பது காரணம். வன்னியில் பற்றைக்குள் அப்படியொரு பெட்டியைக் காணும் சிறுவன் என்ன நினைப்பான்? அவன் பயந்து ஓடினாலும் துன்பம். பயமின்றித் திறக்கப் பழகினால் அதைவிடப் பெருந்துன்பம்.

ஆகையால், போர் நடந்த நிலங்களில் பற்றைக்குள்ளோ, இடிந்த கட்டடத்துக்குள்ளோ, பாலத்துக்கு அடியிலோ எவரும் எதையும் ஒளித்து வைக்கலாகாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

அப்படியாயின் இந்த விளையாட்டே நமக்கு வேண்டாமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். முன்பின் அறியாத வழிப்போக்கனுக்காக ஒன்றை வைத்துவிட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டியவர்கள், அதில் யார் சுமை இறக்குவார் என்று அறிந்திருக்கவில்லை. ஆவுரஞ்சிக் கல்லும் கேணியும் யாருடைய மாட்டுக்கு என்று கேட்டு வைக்கப்படவில்லை. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டப்பட்ட தெருமூடி மடம் வெயிலில் வருபவர் எவராயினும் தங்கிப் போவதற்கானது. ஆனால், இவை யாவும் வெளிப்படையாக இருந்தன. ஊருக்குத் தெரிந்திருந்தன. தண்ணீர்ப் பந்தல் போட்டால் பானையை நிரப்புவதற்கு ஒருவர் காலையில் வந்தார். காய்ந்த பானையுடன் நிற்கும் பந்தலை எவரும் தர்மம் என்று சொன்னதில்லை.

விளையாட்டை அறியாதவர்களை இவர்கள், ஹரி பொட்டர் கதைகளிலிருந்து எடுத்த சொல்லால், 'மகிள்' என்பார்கள். மகிள்களின் கண்ணில் படாமல் பெட்டியை எடுப்பது ஆட்டத்தின் சுவாரசியம். நமது கிராமங்களில் அது நடக்கிற காரியமல்ல. அந்நியர் ஒருவர் மதிலோரம் இரண்டு நிமிடம் நின்றால், "தம்பி, ஆரைத் தேடுறியள்?" என்று கேட்பதற்கு ஒருவர் வந்துவிடுவார். அந்தக் கேள்வியைத் தவிர்க்க முயல்வதை விட, அதற்கு நேரான பதில் சொல்லக்கூடிய இடத்தில் பெட்டியை வைப்பதே புத்தி.

எனது மனதில் முதலில் வரும் இடம் சனசமூக நிலைய வாசிகசாலை. பத்திரிகை விரிக்கும் மேசைக்கு அருகே, நிலையத்தாரின் சம்மதத்துடன், என்ன பெட்டி என்று மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டிய பெட்டி இருந்தால் அதைக் கண்டு எவரும் அஞ்சப் போவதில்லை. கொப்பி நிரம்பினால் மாற்றுவதற்கும் ஆளிருக்கும். வருபவர் பெயரெழுதிய கையோடு ஊரவர் நாலுபேருடன் பேசிவிட்டுப் போவார். அனுமதி பெற்றால் பொது நூலகங்களும் பொருத்தமானவை. வீட்டுக்காரர் அறிந்து சம்மதித்தால் படலையோரமும் பொருந்தும். கிராம சேவையாளருக்கும் பொலிஸாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் அவசியம்.

பெட்டியே தேவைப்படாத வகையும் உண்டு. அமெரிக்கப் புவிச்சரிதவியல் சங்கத்தின் முயற்சியால் 2004 இல் தொடங்கப்பட்ட 'ஏர்த்கேஷ்' முறையில் எதையும் ஒளித்து வைப்பதில்லை. இயற்கையின் ஒரு தோற்றத்தைப் போய்ப் பார்த்து, அதைப் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால் போதும். கடலோடு ஒட்டியிருந்தும் நன்னீர் ஊறும் கீரிமலை, சுண்ணாம்புக்கல் நிலத்தில் திறந்துகிடக்கும் நிலாவரைக் கிணறு, திருகோணமலைக்கு அண்மையில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஆகியன இதற்கென்றே அமைந்தவை போன்றவை. தொல்பொருள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் கோவிற் சூழலிலும் பெட்டி வைப்பது முறையாகாது. பார்த்துவிட்டுப் போகும் இம்முறையிலும் உரியவர்களின் அனுமதியைக் கேட்டுக்கொள்வது மரியாதை.

இதனை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளில் சிலர் இந்த விளையாட்டை அங்கே அறிந்திருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அப்பம்மாவின் ஊரில் ஒன்றை வைக்க அவர்கள் ஆசைப்படக்கூடும். தடுக்க வேண்டாம். ஆனால், அவர்களும் ஆறு வாரத்தில் விமானம் ஏறிவிடும் பயணிகளே. பெட்டியை வைப்பதற்கு முன்னர், ஊரிலிருக்கும் பெரியப்பாவின் மகனையோ வாசிகசாலைப் பொறுப்பாளரையோ அழைத்து, இது என்ன, ஏன், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று விளக்கச் சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் வைக்கட்டும். தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, கீரிமலைக்கு ஒரு கேள்வித்தாள் எழுதட்டும். ஆண்டுக்கொருமுறை தொலைபேசியில், "கொப்பி நனையாமல் இருக்கிறதா?" என்று கேட்பதற்காகவேனும் ஊருடன் அவர்களுக்கு ஒரு தொடர்பு இருக்குமல்லவா?