யாத்திரிகரின் பசி

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால், தஞ்சைப் பெரிய கோவில் வாசலிலும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலைச் சுற்றியும், மதுரைச் சித்திரை வீதிகளிலும், இராமேசுவரத்து ரத வீதிகளிலும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர், வருஷம் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நாலு ஊரைக் காட்ட வேண்டும் என்ற ஆசையோடு புறப்பட்டு வந்தவர்கள். ரயில் கட்டணம் இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு என்று அவர்களால் முன்கூட்டியே கணக்கிட்டுவிட முடிகிறது. சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான் எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்ற குடும்பத் தலைவர், மத்தியானம் ஆனதும் ஓட்டல் வாசலில் விலைப்பட்டியலைத் தேடுகிறார். பல இடங்களில் அது கண்ணில் படுவதே இல்லை. தமக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இலை போடச் சொல்லும் தாய்மார்களை இத்தகைய ஓட்டல்களில் பார்க்கிறோம். சிற்ப அற்புதங்களைத் தரிசிக்க வந்தவர்களை இந்நிலைக்கு ஆளாக்குவது நமக்குப் பெருமை தரும் காரியம் அல்ல.

இதற்கெல்லாம் ஓட்டல்காரர்களின் பேராசையே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முழு உண்மையாகாது. சந்நிதித் தெருவில் ஒரு சிறு கடைக்குக் கேட்கப்படும் முன்பணத்தையும் வாடகையையும் விசாரித்துப் பார்த்தவர்களுக்கு, அங்கே இட்லி ஏன் அந்த விலை விற்கிறது என்பது விளங்கும். ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சொந்தமான கடைகளே, அதிகத் தொகை கேட்டவருக்கு என்று ஏலத்தில் விடப்படுகின்றன; ஏலம் எடுத்தவர் அந்தத் தொகையைச் சாப்பிட வருகிறவர்களிடமிருந்துதான் வசூலித்தாக வேண்டும். பிரயாணிகளை அழைத்து வரும் வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கும் கமிஷனும் சாப்பாட்டின் விலையிலேயே ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை. தினந்தோறும் வரும் வாடிக்கைக்காரர் முகம் சுளித்தால் முதலாளி கவலைப்படுவார். மறுபடி ஒருபோதும் காணப்போகாத மனிதரின் அதிருப்தி அவரை என்ன செய்துவிடும்?

ஆகையால், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடுவதே பிரயாணிகளுக்கு க்ஷேமம். கோவில் வாசலை விட்டு இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனால் போதும். சர்க்கார் கச்சேரி, மார்க்கெட், பழைய பஸ் நிலையம் ஆகியவற்றின் பக்கத்தில், குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் நித்தியம் உண்ணுகிற மெஸ்கள் இருக்கும். அளவுச் சாப்பாடு கிடைக்குமா என்று தயங்காமல் கேட்கலாம். மதுரையில் இருட்டிய பிறகு தெருவோரத் தள்ளுவண்டிகளில் ஆவி பறக்க இறக்கித் தரும் இட்லிக்கு ஈடாகப் பெரிய ஓட்டல் பலகாரம் எதையும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தத் தள்ளுவண்டிக்காரர்களைப் பாதுகாக்கவென்றே 2014-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி அவர்களைத் துரத்தும் நகரம், ஏழைப் பிரயாணியையும் சேர்த்தே துரத்துகிறது. கோவில்களில் 2002 முதல் நடந்து வரும் அன்னதானத் திட்டமும், ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் 2012-இல் தொடங்கிய நாள் முழுவதற்குமான அன்னதானமும் போற்றத்தக்கவை. ஆனால் காசு கொடுத்து உண்ணவே விரும்பும் சுயமரியாதையுள்ள கிருஹஸ்தருக்கு, நியாயமான விலையில் ஓர் இலை கிடைக்க வேண்டாமா?

வழிப்போக்கருக்கு அன்னமிடுவதை ராஜ்ய காரியமாகவே கருதிய தேசம் இது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை மார்க்கத்தில் சத்திரங்களை நிறுவி, அவற்றின் பரிபாலனத்துக்காக நிலங்களையும் எழுதி வைத்தார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் 1802-இல் ஏற்படுத்திய முத்தம்பாள் சத்திரத்தின் கட்டடத்தை இன்றும் காணலாம். யாத்திரை மார்க்கத்துச் சத்திரங்களைக் குறித்து மன்னர் 1801-இல் ஆங்கிலேயரின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. எந்த ஜாதியினராயினும் வந்தவர்களுக்கெல்லாம் அன்னம் அளிக்கப்பட்டது. சமைத்த உணவை ஏற்காதவர்களுக்கு அரிசி முதலியவை சமைக்காமலே தரப்பட்டன. நோயுற்றவர்களுக்கு வைத்தியமும், குழந்தைகளுக்குப் பாலும், அங்கேயே பிரசவிக்க நேர்ந்த பெண்களுக்குப் பராமரிப்பும் கிடைத்தன. நள்ளிரவில் ஒரு மணியை அடித்து, அதுவரை சாப்பிடாதவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களையும் கூவி அழைத்து உணவிட்டார்கள் என்று அவர் எழுதுகிறார். ஒருவரும் பசியோடு படுத்துவிடக் கூடாதே என்ற அந்தக் கவலையில் நூற்றில் ஒரு பங்காவது இன்று சுற்றுலாவை வளர்க்க முனைந்திருப்பவர்களுக்கு இருக்க வேண்டும் என்பதே நம் ஆதங்கம்.

வழிப்போக்கருக்குக் குறைந்த விலையில் உணவளிப்பது இக்காலத்தில் நடவாத காரியம் என்று எவரும் சொல்ல இயலாது. ரயில்வே நிர்வாகம், முன்பதிவில்லாத பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு அருகே நடைமேடையிலேயே 20 ரூபாய்க்குப் பூரியும் காய்கறியும் விற்கிறது. விலை அதிகத்துக்குப் பேர் போன விமான நிலையத்திலேயே, கல்கத்தாவில் 2024 டிசம்பரிலும் சென்னையில் 2025 பிப்ரவரியிலும், பத்து ரூபாய்க்குத் தேநீர் தரும் கடை திறக்கப்பட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பினர் 2020-இல் ஊர்தோறும் ஜனகீய ஹோட்டல்களைத் தொடங்கி 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். இடத்துக்கு உரியவர்கள் மனம் வைத்தால் விலை இறங்குகிறது என்பதற்கு இவற்றை விட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

யாத்திரை ஸ்தலம் ஒவ்வொன்றிலும் நகராட்சிக்கோ தேவஸ்தானத்துக்கோ சொந்தமான கடைகளுள் இரண்டை ஏலத்துக்கு விடாமல் ஒதுக்கி, குறைந்த வாடகைக்கு மகளிர் சுய உதவிக் குழுக்களிடமோ நாணயமான சிறு ஓட்டல்காரரிடமோ ஒப்படைக்க வேண்டும். விலையை நிர்வாகமே நிர்ணயித்து, வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும். இதற்குப் பெரும் பொக்கிஷம் தேவையில்லை. ஏல வருமானத்தில் ஒரு சிறு பகுதியை விட்டுக்கொடுக்கும் மனம் இருந்தால் போதும். அறநிலையத் துறையும் சுற்றுலாத் துறையும் ஸ்தல ஸ்தாபனங்களும் கலந்து பேசி, அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பே சில ஊர்களிலேனும் இதைத் தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதுவரையில், விலைப்பட்டியல் இல்லாத ஓட்டலில் விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உட்காருவதில்லை என்று வாசகர்கள் ஒவ்வொருவரும் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.