வெள்ளித்திரையின் பகைவர்

சண்டைப் படங்களைப் பற்றி இலக்கியப் பக்கமொன்றில் எழுதுவது தகுமா என வினவுவோர் உளர். குத்தும் உதையும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த படங்கள் இளைஞரின் பொழுதுபோக்கு; அவற்றில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். எனது எண்ணம் வேறு. ஒரு நாட்டின் அரசியற் கொள்கையை அறிய விரும்புவோர் அந்நாட்டுத் தலைவர்களின் உரைகளைப் படிப்பர். அந்நாட்டின் அச்சங்களையும் வணிகக் கணக்குகளையும் அறிய விரும்புவோர் அதன் சண்டைப் படங்களைப் பார்த்தல் வேண்டும். உலகின் பெரும்பகுதிக்குப் படங்களை விற்கும் ஹொலிவூட், தன் கதைகளுக்கு வேண்டிய தீயோரை எவ்வாறு தெரிந்தெடுக்கிறது என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1915ஆம் ஆண்டில் செசில் டிமில் என்னும் நெறியாளர் ‘த சீற்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். அதிலே செல்வம் படைத்த யப்பானியன் ஒருவன், தன்னிடம் கடன்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தோளிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் குறி சுடுகிறான். அப்பாத்திரத்தை ஏற்று நடித்த யப்பானிய நடிகர் செசூ ஹயக்கவா அதனாற் பெரும்புகழ் எய்தினார். அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியரோ மனம் நொந்து கண்டனம் தெரிவித்தனர். முதல் உலகப் போரில் யப்பான் நேச நாடுகளின் பக்கம் நின்றது. 1918இல் அப்படம் மீண்டும் வெளியிடப்பட்டபோது, அதே நடிகர், அதே முகம், அதே கொடுமை. ஆனால் தீயோன் யப்பானியன் அல்லன். அவன் பர்மாவைச் சேர்ந்த தந்த வியாபாரி ஆகிவிட்டான்! ஊமைப்படமாகையால் எழுத்து அட்டைகளை மாற்றியதே போதுமானதாயிற்று.

ஏன் பர்மா? அக்காலத்திற் பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கெனத் தனித் தூதுவர் இல்லை. அமெரிக்க நகரங்களிற் குரலெழுப்பத் தக்க பர்மியச் சமூகமும் இல்லை. யாரைத் தீயோனாக்கினால் நட்டமில்லையோ அவனே தீயோனாக்கப்பட்டான்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின் இதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1984இல் வெளிவந்த ‘றெட் டோன்’ என்னும் படத்திற் சோவியத் படைகளும் கியூபப் படைகளும் அமெரிக்காவை ஆக்கிரமிக்கின்றன. 2009இல் அதனை மீண்டும் படமாக்கியபோது ஆக்கிரமிப்பாளராகச் சீனர் காட்டப்பட்டனர். படப்பிடிப்பு முடிந்தபின், சீனச் சந்தையை இழந்துவிடுவோம் என்னும் அச்சம் தயாரிப்பாளரைப் பற்றிக்கொண்டது. 2011இல், படத்திலிருந்த கொடிகளும் சின்னங்களும் கணினியின் துணைகொண்டு மாற்றப்படுகின்றன என்ற செய்தி வெளியாயிற்று. 2012இல் படம் திரைக்கு வந்தபோது சீனப் படைகள் வடகொரியப் படைகளாக மாறியிருந்தன. இரண்டரைக் கோடி மக்களைக் கொண்ட ஒரு சிறிய நாடு கடல் கடந்து வந்து அமெரிக்க நிலத்தைக் கைப்பற்றுவதாகக் கூறுவது நம்பத்தக்கதா என்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. வடகொரியாவில் ஹொலிவூட் படங்களுக்குச் சந்தை இல்லை. அதுவே அந்நாட்டின் தகுதி.

1918இல் எழுத்து அட்டை, 2011இற் கணினி. கருவி மாறியதேயன்றி முறை மாறவில்லை. ஆகவே, ஹொலிவூட் தன் பகைவனை வெறுப்பினால் மட்டுமே தெரிந்தெடுக்கிறது என்பது முழு உண்மையன்று. வெறுப்பு மூலப்பொருளாக இருக்கலாம். எவனை இழந்தால் வருமானம் குறையாது என்ற கணக்கே இறுதித் தீர்ப்பை வழங்குகிறது.

இக்கணக்கினால் விளைந்த மிகப் பெரிய இழிவு 1930களில் நிகழ்ந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குக் கியோர்க் கிஸ்லிங் என்பவர் ஜேர்மனியக் கொன்சலாக வந்து சேர்ந்தார். ஜேர்மனிக்கு இழுக்குத் தரும் படத்தை ஒரு கொம்பனி உலகின் எப்பகுதியில் வெளியிட்டாலும், அக்கொம்பனிக்கு ஜேர்மனியச் சந்தையை மூடிவிடலாம் என்று 1932ஆம் ஆண்டின் ஜேர்மனியச் சட்டம் கூறிற்று. அச்சட்டத்தைக் காட்டி அவர் படக் கொம்பனிகளை அச்சுறுத்தினார். 1938இல் ‘திறீ கொம்றேட்ஸ்’ என்னும் படம் தயாரானபோது, அதில் வன்முறை செய்யும் கும்பலைக் கம்யூனிஸ்டுகளாகக் காட்டலாமே என்று ஹொலிவூட்டின் தணிக்கைத் தலைவர் ஜோசப் பிறீன் ஆலோசனை கூறினார். தயாரிப்பாளர் மங்கிவிச் மறுத்துவிட்டார். முடிவில் அக்கும்பல் எக்கட்சியினர் என்பது படத்திற் கூறப்படாமலே போயிற்று. பெரிய கொம்பனியொன்று நாஜிகளைப் பெயர் சொல்லித் தீயோராகக் காட்டிய ‘கொன்பெஷன்ஸ் ஒவ் எ நாஜி ஸ்பை’ என்னும் படம் 1939இலேதான் வெளிவந்தது. மெய்யான தீயோன் கண்முன்னே நின்ற காலத்தில், அவன் நல்ல வாடிக்கையாளனாக இருந்தமையால் வெள்ளித்திரை அவனைக் காணவில்லை.

நட்பும் பகையும் எத்துணை விரைவில் இடம் மாறுகின்றன என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1943இல், சோவியத் யூனியன் போர்த் தோழனாக இருந்தபோது, வார்ணர் சகோதரர் ‘மிஷன் டு மொஸ்கோ’ என்னும் படத்தில் ஸ்டாலினை அன்புள்ள பெரியவராகக் காட்டினர். நான்கே ஆண்டுகளின் பின், 1947இல், அதே படத்துக்காக ஜக் வார்ணர் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் விளக்கமளிக்க நேர்ந்தது. அதன்பின் கம்யூனிஸ்டே நிலையான தீயோன் ஆனான். 1988 மே 15ஆம் திகதி ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் வெளியேறத் தொடங்கின. அதன்பின் பத்து நாள் கழித்து, அப்படைகளைத் தனியொருவன் வதம் செய்யும் ‘றம்போ 3’ வெளிவந்தது! அப்படத்தில் றம்போவின் தோழர் ஆப்கானிஸ்தானின் முஜாஹிதீன் போராளிகள். 2001ஆம் ஆண்டின் பின் எடுக்கப்பட்ட அமெரிக்கப் படங்களில் தாடியும் தலைப்பாகையும் தரித்த அதே உருவம் எப்பக்கத்தில் நிற்கிறது என்பதை வாசகருக்கு நான் கூற வேண்டியதில்லை.

பிரித்தானியாவிலே தயாரிக்கப்பட்டு அமெரிக்கக் கொம்பனியால் உலகெங்கும் விற்கப்பட்ட ஜேம்ஸ் பொண்ட் படங்கள் இவ்விடயத்தில் முன்யோசனை மிக்கவை. இயன் பிளெமிங்கின் நாவலிலே டொக்டர் நோ என்பவன் ரஷ்யருக்குத் துணைபோகிறான். 1962இல் வெளிவந்த படத்திலோ அவன் ‘ஸ்பெக்டர்’ எனும் கற்பனைச் சங்கத்தைச் சேர்ந்தவன். நாடற்ற தீயோனுக்காகப் பரிந்து பேச எந்நாட்டுத் தூதுவரும் வரமாட்டார்.

இவ்வாறு தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு எல்லா இனத்தவர்க்கும் கிடைக்கவில்லை. ஜக் ஷஹீன் என்னும் பேராசிரியர் 900க்கு மேற்பட்ட படங்களை ஆராய்ந்து, 2001இல் வெளியிட்ட நூலில், அராபியர் அவற்றில் எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளனர் என்பதைத் தொகுத்துக் காட்டினார். கொள்ளைக்காரன், காமுகன், குண்டு வைப்பவன் என்ற வேடங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன; அராபியரை மனிதராகக் காட்டிய படங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை.

இலங்கையர்க்கு நேரே தொடர்புடைய ஒரு படமும் உண்டு. 1984இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒவ் டூம்’ வெளிவந்தது. கதை 1935ஆம் ஆண்டின் வட இந்தியாவில் நிகழ்கிறது. கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்களை வேண்டியது. படக்குழு உடன்படாமற் கண்டிக்கு வந்தது. ஆதலால் அப்படத்தின் இந்தியக் கிராமத்தவர் சிங்களத்திற் பேசுகின்றனர். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு இந்தியாவும் ஒன்றே, இலங்கையும் ஒன்றே. அதனினும் நோகத்தக்கது, காளியின் பெயரால் மனிதரின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்கும் பூசகன் அதிலே தீயோனாக வருவது. நம் ஊர்களிலே நோய் நீங்கவும் மழை பொழியவும் தாய்மார் பொங்கலிட்டு வேண்டும் தெய்வம், உலகத்துச் சிறுவர்க்குக் கொலைத் தெய்வமாக அறிமுகமாயிற்று. இந்தியாவிற் சிறிது காலம் அப்படம் தடை செய்யப்பட்டிருந்தது. ஏனைய நாடுகளில் அது தங்குதடையின்றி ஓடிப் பெரும்பொருள் ஈட்டியது.

இனிச் சண்டைக் காட்சிகளின் அமைப்பை நோக்குவோம். திரையிற் காணும் சண்டை, சண்டையன்று. அது ஒருவகை ஆடல். ஓங்கிய கை எதிரியின் தாடையைத் தொடாமற் சில அங்குலம் விலகியே செல்கிறது. கமராவை உரிய கோணத்தில் வைப்பதால் அவ்விடைவெளி மறைகிறது. அடிபட்டவர் தக்க கணத்தில் தலையைத் திருப்புகிறார். அடியின் ஓசை பின்னர் ஒலிக்கூடத்திற் சேர்க்கப்படுகிறது. 1930களில் யக்கிமா கனுட் என்னும் சண்டைக் கலைஞரும் நடிகர் ஜோன் வெயினும் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் இக்கலைஞர்க்கென ஒஸ்கார் விருதில் ஒரு தனிப்பிரிவு அமைக்கப்படும் என 2025 ஏப்ரலிலேதான் அறிவிக்கப்பட்டது. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்தே அது நடைமுறைக்கு வரும்.

ஆடல் என்றேன். ஆயின் அவ்வாடலில் எவர்க்கு எவ்வளவு இடம் என்பதே என் வினா. இப்படங்களிற் பகைவர் இரு வகையினர். ஒரு வகையினர் கையாட்கள். அவர்களுக்குப் பெயரில்லை, தாயில்லை, வலியுமில்லை. ஒரு கணத்திற் சாய்ந்து விழுவதே அவர்கள் கடன். மற்றவன் தலைவன், நாயகனோடு நின்று நெடுநேரம் பொருதும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. வேற்றினத்தார் பெரும்பாலும் முதல் வகையிலேயே சேர்க்கப்படுகின்றனர். பத்து அராபியர் பத்து நொடியில் வீழ்வதைக் கண்டு கைதட்டும் சிறுவன், அவ்வுயிர்களுக்குப் பெறுமதியில்லை என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். இப்பாடத்தை எந்தப் பாத்திரமும் வாய்திறந்து சொல்வதில்லை. சண்டையின் கால அளவே அதனைப் புகட்டிவிடுகிறது.

நம் மரபில் இதற்கு மாறான வழக்கு உண்டு. கம்பனின் கும்பகருணன் பகைவர் பக்கத்தவன். ஆயினும் போர்க்களம் புகுமுன் தமையனுக்கு அறம் எடுத்துரைக்கிறான். அவன் கேளானாயினும் அவனைக் கைவிடாது உயிர் கொடுக்கிறான். அவன் வீழும்போது நாம் கைதட்டுவதில்லை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே துரியோதனனுக்கும் வரவு உண்டு. அவனும் தன் தாளத்துக்கு ஆடிக்கொண்டே களரிக்கு வருகிறான்.

அண்மைக் காலத்தில் ஹொலிவூட் வேறொரு வழி கண்டுள்ளது. 2022இல் வெளிவந்த ‘டொப் கன்: மாவெறிக்’ படத்தில் அமெரிக்க விமானிகள் ஒரு நாட்டின் யுரேனிய ஆலையைத் தாக்குகின்றனர். அந்நாட்டின் பெயர் கூறப்படவில்லை. பகை விமானிகளின் முகங்கள் கறுத்த கவசத்தினுள் மறைந்துள்ளன. வேறு பல படங்களில் வேற்றுக் கிரகத்தாரும் இயந்திர மனிதரும் பகைவராகின்றனர். இதனை முன்னேற்றம் என்போர் உளர். என்னால் அவ்வாறு கொள்ள இயலவில்லை. எவரையும் இகழாத படம் என்பது வேறு. எவன்மீதும் குண்டு போடலாம், அவன் யாரென்று அறிய வேண்டியதில்லை என்று பழக்கும் படம் வேறு.

அவ்வாறாயின் ஒவ்வொரு நாடும் தன்னைப் பற்றிய படங்களைத் தடுக்கும் அதிகாரம் பெறுவது நன்றாகுமோ? இங்கேதான் நாம் கவனமாக வேறுபாடு காணல் வேண்டும். யப்பானியச் சமூகத்தார் எழுப்பிய குரலும், பின்னாளில் அராபிய அமெரிக்கர் எழுப்பிய குரலும், தம்மீது சுமத்தப்பட்ட பொய்க்கு எதிராக எழுந்தவை. கிஸ்லிங் எழுப்பிய குரல் உண்மைக்கு எதிரானது. 1997இல் திபேத்தைப் பற்றிய ‘குண்டுன்’ படத்தை வெளியிட்டமைக்காகச் சீன அரசு டிஸ்னி கொம்பனிமீது சினங்கொண்டது. 1998இல் அக்கொம்பனியின் தலைவர் பெய்ஜிங் சென்று வருத்தம் தெரிவித்தார். 2016இல் ‘டொக்டர் ஸ்றேஞ்ச்’ படத்திலே, மூலக்கதையில் திபேத்தியராக இருந்த முதுகுரு கெல்திய இனத்துப் பெண்ணாக மாற்றப்பட்டார். வலியோரின் கோபத்துக்கு அஞ்சிய வணிகம், நசுக்கப்பட்டோரின் முகத்தையே திரையிலிருந்து நீக்கிவிட்டது. சந்தையை நீதிபதியாக்கினால் விளைவது இதுவே: பணமுள்ள அரசின் குற்றம் மறைகிறது, பணமற்ற மக்கள்மீது இல்லாத குற்றம் ஏறுகிறது.

இது அமெரிக்கருக்கே உரிய நோய் எனக் கூறுதலும் நேர்மையாகாது. 1972இல் ஹொங்கொங்கில் வெளிவந்த புரூஸ் லீயின் ‘பிஸ்ற் ஒவ் பியூரி’ படத்தில் யப்பானியர் தீயோர். 2017இற் சீனாவிற் பெருவசூல் கண்ட ‘வுல்ப் வொரியர் 2’ படத்திற் கூலிப்படைத் தலைவன் அமெரிக்கன். படம் எடுக்கும் வலிமை எவரிடம் உண்டோ அவர் பிறரைப் பகைவராக்குகிறார்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்க்கும் நான் கூற விரும்புவது ஒன்றுண்டு. சண்டைப் படங்களைப் பார்க்காதீர் என்று தடுப்பதாற் பயனில்லை. அவை கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. வகுப்பறையில் மூன்று வினாக்களை எழுப்பலாம். இத்தீயோனுக்குப் பெயரும் காரணமும் தரப்பட்டுள்ளனவா? அவன் இனத்தார் இப்படத்தைப் பார்க்க நேர்ந்தால் என்ன சொல்வர்? அவனுடைய இடத்தில் வேறெவரையும் வைக்காது இவனை வைத்ததால் எவர்க்கு இலாபம்? இவ்வினாக்களுக்கு விடை தேடப் பழகிய மாணவன் திரைப்படத்தோடு நின்றுவிடமாட்டான். நாளிதழ்ச் செய்தியிலும் தேர்தல் மேடையிலும் தன் ஊர்க் கதைகளிலும் பகைவனாகக் காட்டப்படுபவன் யார், அவனைக் காட்டுபவர் யார் என்று கேட்பான். இத்தகைய கேள்வி இந்நாட்டில் எல்லா மொழியினர்க்கும் வேண்டப்படுவதொன்று என்பதே என் துணிபு.