டோக்கியோவில் சைவம் கேட்ட தோழர்

ஒரு மனித உரிமைக் கூட்டத்துக்காக எங்களில் நான்கு பேர் டோக்கியோ போயிருந்தோம். கடைசி நாள் இரவு ஜப்பானியத் தோழர்கள் எங்களை ஓர் உயர்தர உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். 'கைசெகி' விருந்து. சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வரும். ஒரு ஆள் சாப்பிடும் காசில் நம் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம்.

எங்களில் ஒருவர் கறி, மீன் தொடாதவர். சேரியில் பிறந்து மாட்டுக்கறி தின்று வளர்ந்தவர்தான். சில வருடங்களுக்கு முன் அவராகவே விட்டுவிட்டார். அதற்காக நாங்கள் அவரைச் சும்மா விட்டதில்லை. "என்ன தோழர், பூணூல் எப்போ?" என்று கேலி பேசியிருக்கிறோம். அன்று இரவு அந்தக் கேலி எங்களையே உறுத்தியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

ஜப்பானியச் சமையலில் மீன் வேண்டாம் என்பது லேசான காரியம் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை 'தாஷி' என்னும் சாறு. கட்டைபோல் காய்ந்த சூரை மீனைச் சீவி, 'கொம்பு' என்னும் கடற்பாசியோடு சேர்த்து இறக்குவார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். மிசோ சூப்பிலும், வேகவைத்த முள்ளங்கியிலும், கீரை மேல் ஊற்றும் சாற்றிலும் அதுதான் இருக்கும். கிண்ணத்தில் பார்த்தால் காய் மட்டும்தான் தெரியும்.

அழைத்தவர்கள் இரண்டு நாள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். சமையல்காரர் கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் தனியாகத் தாஷி எடுத்திருந்தார். புத்த மடங்களில் 'ஷோஜின் ரியோரி' என்ற மரக்கறிச் சமையல் மரபு இருப்பதால் அவருக்கு அது புதிதல்ல. எங்களுக்கு மீன், தோழருக்கு எள்ளில் செய்த தோஃபு. ஒரே மேசை. யாரும் யார் கிண்ணத்தைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை.

அப்படியானால் ஜப்பான் சமத்துவ பூமியா? இல்லை. எங்களை அழைத்தவர்களில் ஒருவர் புராக்கு சமூகத்தவர். அந்த மக்களின் வரலாறு நமக்குத் தெரிந்த வரலாறுதான்.

675ஆம் ஆண்டு தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை வருடத்தில் சில மாதங்கள் தடை செய்தார். புத்த மதத்தின் கொல்லாமையும் ஷின்டோவின் தீட்டுக் கருத்தும் சேர்ந்து, செத்த மாட்டைத் தூக்குபவரையும் தோல் பதனிடுபவரையும் தள்ளி வைத்தன. 'எதா' என்று பெயரிட்டார்கள். அதை எழுதும் எழுத்துகளுக்கு 'அழுக்கு மிகுந்தது' என்று பொருள். மேலே இருந்தவர்கள் கறியை விட்டார்களா? ஹிகோனே பகுதிப் பிரபுக்கள் மிசோவில் ஊறவைத்த மாட்டுக்கறியை ஷோகனுக்கு அனுப்பினார்கள். பெயர் மட்டும் மருந்து. தின்றவருக்கு அது மருந்து, அறுத்தவருக்குத் தீட்டு.

1871இல் அரசாணை போட்டு அந்த இழிபெயரை ஒழித்தார்கள். 1872இல் மெய்ஜி பேரரசரே மாட்டுக்கறி சாப்பிட்டார் என்று செய்தி வந்தது. இன்று வாக்யு மாட்டுக்கறி உலகப் பணக்காரர்களின் பெருமை. ஆனால் புராக்கு மக்கள்? 1975இல் அவர்களுடைய ஊர்ப்பெயர்களைத் தொகுத்த ரகசியப் பட்டியலை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கியது அம்பலமானது. வேலைக்கு வருபவரின் பூர்வீகத்தைத் தோண்டத்தான். டோக்கியோவின் ஷிபாவுரா இறைச்சிச் சந்தையில் ஒரு காட்சிக்கூடம் உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்கு வந்த வசைக் கடிதங்களை அவர்களே மாட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் விழாவில் முழங்கும் தைக்கோ முரசுக்குத் தோல் கட்டியவர்கள் ஒசாகாவின் நானிவா போன்ற புராக்குக் குடியிருப்புக்காரர்கள். முரசு உள்ளே, செய்தவர் வெளியே. பறையை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

தோழர்களே, நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். மாட்டுக்கறி மேல் இருந்த தீட்டு போய்விட்டது. அறுத்தவன் மேல் இருந்தது போகவில்லை. தட்டு மாறினால் சாதி தானாக மாறும் என்று நம்பினால் ஏமாந்து போவோம். மாட்டுக்கறி விருந்து நடத்துவது தேவையான போராட்டம், நாங்களும் நடத்தியிருக்கிறோம். ஆனால் அது தொடக்கம் மட்டுமே. வேலையில், வாடகை வீட்டில், திருமணத்தில் கேட்கப்படும் 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வியை உடைக்காமல் விருந்தோடு நின்றுவிட்டால், நாளைக்கு மாட்டுக்கறியும் நட்சத்திர ஓட்டலுக்குப் போகும், நாம் வாசலிலேயே நிற்போம்.

இன்னொன்று. காய்கறி சாப்பிடுவது குற்றம் இல்லை. அதைத் தூய்மை ஆக்குவதுதான் குற்றம். எங்கள் தோழர் டோக்கியோவில் தனக்கு வேண்டியதைக் கேட்டார். அடுத்தவர் தட்டை அகற்றச் சொல்லவில்லை. 2023இல் மும்பை ஐஐடி விடுதி உணவுக்கூடத்தில் சில மேசைகளைச் சைவத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அங்கே உட்கார்ந்து கறி சாப்பிட்டதற்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். இவர் கேட்டது உணவு. அங்கே கேட்கப்பட்டது நாம் விலகி உட்காருவது. இரண்டுக்கும் 'சைவம்' என்று ஒரே பெயர் வைத்ததால்தான் நாங்களும் குழம்பி, சொந்தத் தோழரைப் பூணூல் என்றோம்.

ஒருவர் தட்டைப் பார்த்து அவர் யார் என்று முடிவு செய்வது சாதியின் வேலை. அந்த வேலையை நாம் செய்ய வேண்டாம். ஊர் திரும்பும் விமானத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "சரி விடுங்க, அடுத்த கூட்டத்துல எனக்கும் சேர்த்துச் சோறு சொல்லுங்க" என்றார். இத்தனை வருடம் நம் கூட்டங்களில் அவர் வெறும் சோறும் ஊறுகாயும் தின்றிருக்கிறார். அப்போதுதான் அது எங்களுக்கு உறைத்தது.