ஓடினால் மட்டும் போதுமா?

2008ஆம் ஆண்டு டிசம்பர் 31. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஸூன்’ எனும் பாட்டுக் கருவியை வைத்திருந்தவர்கள் அதைத் திறந்தபோது, தொடக்கத் திரையோடு அது அப்படியே நின்றுவிட்டது. 30 ஜிகாபைட் வகைக் கருவியை வைத்திருந்த ஏராளமானோருக்கு ஒரே நாளில் இதே நிலை. கருவி உடையவில்லை, வைரஸும் புகவில்லை. நிறுவனம் சொன்ன தீர்வு இதுதான்: மின்கலம் தீரும்வரை அப்படியே விட்டுவிடுங்கள், ஜனவரி 1ஆம் நாள், கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு மின்னேற்றித் திறங்கள்.

காரணம், கடிகாரத்தைக் கவனிக்கும் நிரலில் இருந்த ஒரு சிறு செயற்கூறு. வகுப்பில் ‘ஃபங்ஷன்’ என்கிறோமே, அதுதான். படிவம் நான்கு மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் எழுதிவிடக்கூடிய அளவுதான் அது. அதனால்தான் அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம் பள்ளிகளில் நிரல் எழுதும் மாணவர்கள் பலர், “டீச்சர், ஓடுது!” என்றதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே புள்ளி போட்டுவிடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அந்தச் செயற்கூற்றைப் பார்ப்போம். 1980 ஜனவரி 1ஐ முதல் நாளாக வைத்து, இன்று எத்தனையாவது நாள் என்ற எண் மட்டும் அதற்குக் கிடைக்கும். அதிலிருந்து இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் படிகளைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

1. ஆண்டு 1980 என்று தொடங்கு.
2. நாட்கள் 365ஐ விட அதிகமாக இருக்கும்வரை 3, 4ஆம் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்.
3. அது லீப் ஆண்டு என்றால், நாட்கள் 366ஐ விட அதிகமா என்று பார். அதிகம் என்றால் 366ஐக் கழி. ஆண்டில் 1ஐக் கூட்டு.
4. லீப் ஆண்டு இல்லை என்றால், 365ஐக் கழி. ஆண்டில் 1ஐக் கூட்டு.

மேலோட்டமாகப் படித்தால் சரியாகத்தான் தெரிகிறது. இப்போது 2008 டிசம்பர் 31ஐ உள்ளே அனுப்புங்கள். 1980 முதல் 2007 வரையிலான ஆண்டுகளின் நாட்களைக் கழித்த பிறகு மீதம் இருப்பது 366. அது 365ஐ விட அதிகம். ஆகவே சுழற்சி தொடர வேண்டும். 2008 லீப் ஆண்டு. ஆகவே 3ஆம் படி. 366 என்பது 366ஐ விட அதிகமா? இல்லை. அப்படியானால் என்ன செய்வது? அதற்குக் கட்டளையே இல்லை. எதுவும் கழிக்கப்படவில்லை, ஆண்டும் மாறவில்லை. மறுபடியும் 2ஆம் படி, மறுபடியும் 3ஆம் படி. செக்குமாடு போல அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது நிரல். மறுநாள் எண் 367 ஆனதும் கழித்தல் நடந்தது, கருவி விழித்துக்கொண்டது.

ஸூன் விற்பனைக்கு வந்தது 2006 நவம்பரில். அன்று முதல் 2008 டிசம்பர் 30 வரை இந்தச் செயற்கூறு ஒவ்வொரு நாளும் சரியான விடையையே தந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக “ஓடுது!” என்ற நிலையில்தான் அது இருந்தது. ஆகவே ‘ஓடுகிறது’ என்ற சொல்லுக்கு, ‘இதுவரை கொடுத்த எண்களுக்குச் சரியாக வந்தது’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

இந்தப் பிழையைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 1980உம் லீப் ஆண்டுதான். அந்த ஆண்டின் கடைசி நாள் 366. அதன் அக்கம்பக்கத்து எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 365 கொடுத்தால் 1980 வர வேண்டும். 366 கொடுத்தாலும் 1980. 367 கொடுத்தால் 1981. இந்த மூன்று வரிச் சோதனையில் இரண்டாவதிலேயே நிரல் நின்றுபோயிருக்கும். அடுத்த ஆண்டின் எல்லைக்கு இன்னும் இரண்டு: 731க்கு 1981, 732க்கு 1982. பிழைகள் பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான் குடியிருக்கும். நடுவில் உள்ள எண்களை நூறு முறை சோதிப்பதைவிட, எல்லையில் உள்ள மூன்று எண்களைச் சோதிப்பது மேல்.

சோதனை கையில் இருந்தால் அடுத்த வேலைக்குத் துணிவு வரும். முதலில் பிழையை மட்டும் நீக்குங்கள்: 3ஆம் படியில் ‘அதிகம் இல்லை என்றால் சுழற்சியை விட்டு வெளியேறு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஐந்து சோதனைகளையும் ஓட்டுங்கள். எல்லாம் சரியா? பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் நிரலை மறுபடியும் படித்துப் பாருங்கள். 365 இரண்டு இடத்தில், 366 இரண்டு இடத்தில், ‘ஆண்டில் 1ஐக் கூட்டு’ இரண்டு இடத்தில். நிபந்தனைக்குள் நிபந்தனை. பிழை ஒளிந்துகொள்ள இடம் கொடுத்ததே இந்தச் சிக்கல்தான்.

எனவே ‘ஆண்டின் நீளம்’ என்று தனியாக ஒரு செயற்கூறு எழுதுவோம். லீப் ஆண்டு என்றால் அது 366 தரும், இல்லையென்றால் 365. இனி முதன்மைச் செயற்கூறு இவ்வளவுதான்: நாட்கள் அந்த ஆண்டின் நீளத்தை விட அதிகமாக இருக்கும்வரை, நீளத்தைக் கழி, ஆண்டில் 1ஐக் கூட்டு. ஒரே ஒப்பீடு, ஒரே கழித்தல். கட்டளை இல்லாத பாதை எதுவும் இப்போது இல்லை. அதே ஐந்து சோதனைகளை மீண்டும் ஓட்டினால், விடைகள் மாறவில்லை என்பது உறுதியாகும். வெளியே தெரியும் விடையை மாற்றாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்கும் இந்த வேலையை மறுசீரமைப்பு என்பார்கள். மார்ட்டின் ஃபவுலர் 1999இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். சோதனை இல்லாமல் மறுசீரமைப்பில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுவதற்குச் சமம்.

“பள்ளி இடுபணிக்கு இதெல்லாம் தேவையா? நேரம் எங்கே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடவேளை குறைவு, முடிக்க வேண்டிய பாடமோ அதிகம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஒரே முறை அளந்துவிட்டு முடிவு எழுதினால் நாம் ஏற்றுக்கொள்வோமா? மீண்டும் அளக்கச் சொல்கிறோம். சராசரி எடுக்கச் சொல்கிறோம். அறிவியல் ஆய்வறிக்கையில் கேட்கும் அதே ஒழுங்கை நிரலில் கேட்கக் கூடாதா? ஐந்து சோதனைகளை எழுத ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு செயற்கூற்றை நொடிகளில் எழுதித் தந்துவிடுகிறது. பார்க்க அழகாகவும் இருக்கிறது; பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. எழுதும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால், அது சரியா என்று கேட்கும் வேலை நம்முடையது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத மாணவர், தமக்குப் புரியாத ஒன்றுக்குத் தம் பெயரைப் போட்டு ஒப்படைக்கிறார்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: நிரல் இடுபணிக்குத் தரும் புள்ளிகளில் ஒரு பகுதியைச் சோதனைக்கும் மறுசீரமைப்புக்கும் ஒதுக்குங்கள். முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் சேர்த்தே ஒப்படைக்கச் சொல்லுங்கள். பக்கத்து மாணவரின் நிரலை ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும், “இந்த நிபந்தனை பொய்யானால் என்ன நடக்கும்?” என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கட்டும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு பயிற்சி. கொடுத்த ஆண்டு லீப் ஆண்டா என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பே இந்த ஐந்து சோதனைகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: 2023 இல்லை, 2024 ஆம், 1900 இல்லை, 2000 ஆம், 2100 இல்லை. நான்கால் வகுத்துப் பார்ப்பதோடு நிறுத்தியவர்களுக்கு இரண்டு சோதனைகள் தவறும். ஏன் என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்துத் திருத்திய பிறகு, நிரலைச் சுருக்கித் தெளிவாக்குங்கள். பிறகு ஐந்தையும் மீண்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “முடிந்தது, டீச்சர்” என்று சொல்லுங்கள்.