மார்க்குக்கா, வீட்டுக்கா?



ஐப்பசி பிறந்துவிட்டால் உங்களில் பலருக்கு ராத்திரி தூக்கமே வராது. படிப்புக் கவலையால் அல்ல. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா என்ற கவலையால்! எந்தெந்த மாவட்டத்துக்குக் கலெக்டர் லீவு விட்டிருக்கிறார் என்று டி.வி.யின் அடியில் ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். லீவு என்று தெரிந்ததும் ஒரே கும்மாளம். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம், "போர் அடிக்குதும்மா... செல்போன் தாம்மா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

சரி, செல்போனைக் கொடுத்து, "இந்த மாதத்துக்கு ஏற்ற கைவேலை ஏதாவது தேடிப் பார்" என்று சொன்னால் என்ன வருகிறது? சிவந்த மேப்பிள் இலையை ஒட்டுவது, பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பது. குளிர் நாடுகளில் அக்டோபரும் நவம்பரும் இலையுதிர் காலம். அவர்கள் செய்வது அவர்கள் ஊருக்குப் பொருத்தம். நமக்கு? நம் தெருப் புங்க மரம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் 'கூதிர்' என்றார்கள். வாடைக் காற்று வீசும் காலம். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் இப்போதுதான். தமிழகம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிடைக்கிறது. ஆகவே, இது நமக்கு மழைக்காலம். வீட்டுக்குள் இருந்து கைவேலை செய்ய இதைவிட நல்ல நாள் ஏது?

"கைவேலை செய்யுங்கள்" என்று உங்களுக்கு எல்லோரும்தான் சொல்கிறார்கள். நான் சொல்ல வருவது கொஞ்சம் வேறு. நீங்கள் செய்யும் பொருள் அன்றைக்கோ, மறுநாளோ வீட்டில் யாருக்காவது உதவ வேண்டும். உதவாது என்று தெரிந்தால் அதைச் செய்யவே வேண்டாம் என்பேன்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்? உங்கள் 'பிராஜெக்ட்' சமாசாரத்தை எண்ணிப் பாருங்கள். தெர்மக்கோலில் எரிமலை, தெர்மக்கோலில் சூரியக் குடும்பம், மேலே பளபளவென்று ஜிகினாத் தூள். பாதி அம்மா செய்தது. மீதி ஸ்டேஷனரிக் கடையில் வாங்கியது. சில கடைகளில் முழுசாகவே செய்து விற்கிறார்கள். பேரை எழுதி ஒட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை! கண்காட்சி முடிந்து ஒரு வாரத்தில் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். தெர்மக்கோல் லேசில் மக்காது. சாக்கடையை அடைக்கும். அதில் உங்கள் கைக்கு என்ன பழக்கம் வந்தது? கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்ததா? அளந்து வெட்டத் தெரிந்ததா? இதையெல்லாம் கேட்காமல் பளபளப்புக்கு மார்க் போடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பக்கத்தைப் படித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு கைத்தொழில் வழியாகவே பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்று காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் எடுத்துச் சொன்னார். தக்ளியில் நூல் நூற்றால், அந்த நூல் துணியாக வேண்டும். அலமாரியில் வைத்துப் பார்க்க அல்ல.

எதைச் செய்யலாம் என்கிறீர்களா? முதலில் ஒரு துணிப்பையில் ஆரம்பிக்கலாம். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கினார்கள். அப்படியும் மழைக்கு ஒதுங்கிய கேரி பேக் ஒவ்வொரு சாக்கடை வாயிலும் கிடக்கிறது. உங்கள் அண்ணனுக்குச் சின்னதாகிப்போன பேன்ட் ஒன்று பீரோவில் சும்மா இருக்கும். அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு காலை முழங்காலுக்கு மேலே வெட்டி, உட்புறத்தை வெளியே திருப்பி, ஒரு பக்கத்து வாயைத் தைத்தால் பை தயார். மீதித் துணியில் இரண்டு பட்டை வெட்டி மடித்துத் தைத்தால் கைப்பிடி.

தைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போனால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால், இரண்டு கிலோ அரிசிக்கே பிரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஊசியை முன்னே கொண்டுவந்த பிறகு, பாதித் தூரம் பின்னால் போய்க் குத்தி, மறுபடி முன்னே எடுங்கள். மெதுவாகத்தான் நகரும். ஆனால், பிடி விடாது. கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தையுங்கள். முடிந்ததும் உங்கள் பாடப் புத்தகங்களை எல்லாம் அதில் போட்டு, ஒரு ராத்திரி கதவுக் கொக்கியில் மாட்டி வைக்க வேண்டும். காலையில் பை கொக்கியிலேயே இருந்தால் நீங்கள் பாஸ். கீழே விழுந்திருந்தால் எந்த இடத்தில் பிரிந்தது என்று பார்த்து, மறுபடி தையுங்கள். இந்தப் பரீட்சைக்கு மார்க் போட ஆசிரியர் வேண்டாம், பாருங்கள்!

அடுத்தது, மழைமானி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருக்கும் இரண்டு லிட்டர் பாட்டில் வேண்டும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் சரிப்படாது, கணக்குத் தப்பும். கழுத்துக்குக் கீழே, பாட்டில் ஒரே அகலமாகும் இடத்தில் பெரியவர்களைக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய மேல் பகுதியைக் கவிழ்த்து, புனல் மாதிரி வாயில் செருகுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் குறியுங்கள். மொட்டை மாடியில் சுவரும் மரக்கிளையும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்துவிடுங்கள். இடி இடிக்கும்போது மட்டும் மாடிப் பக்கம் போகக் கூடாது.

வானிலை ஆய்வுத் துறையினர் ஒரு நாள் மழையைக் காலை 8.30 மணி வரை கணக்கிடுகிறார்கள். நீங்களும் அதே நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுநாள் பேப்பரில் உங்கள் ஊருக்குப் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடலாம். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு தெருவில் கொட்டும் மழை, அடுத்த தெருவில் தூறலாக இருப்பது உண்டு.

இதனால் வீட்டுக்கு என்ன உபயோகம் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்! ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி 600 சதுர அடி என்றால், அது 55 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். 40 மில்லிமீட்டர் மழை பெய்த நாளில் அந்த மாடியில் விழுவது 2,200 லிட்டருக்கு மேல். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 150 குடம்! சித்திரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடும் ஊர்களில், ஐப்பசியில் இவ்வளவு தண்ணீர் தெருவோடு போகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அநேகமாக உங்கள் வீட்டிலும் அதற்குக் குழாய் இருக்கும். அது இலை, மண், பறவைக் கூடு என்று அடைத்துக் கிடக்கிறதா என்று அப்பாவோடு போய்ப் பாருங்கள். குழாயின் வாயைச் சுத்தம் செய்து, சல்லடைத் துணியோ கம்பி வலையோ கட்டுங்கள். என்னைக் கேட்டால், இதுதான் கண்காட்சிக்கு வைக்க வேண்டிய பிராஜெக்ட்.

மழைமானியைத் தினமும் பூஜ்யக் கோடு வரை கொட்ட மறக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை கல்லையும் எடுத்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அதுவே கொசுப் பண்ணை ஆகிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சனிக்கிழமை தோறும் பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தேய்ப்பது முக்கியம். முட்டை பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கார்த்திகைக்குத் திரி கடையில்தான் வாங்க வேண்டுமா? பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரிக்கலாமே. புது அகல் விளக்கைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, நன்றாகக் காயவைத்த பிறகு ஏற்றினால் அதிகம் எண்ணெய் குடிக்காது. அதன்மேல் கண்ணாடியும் பிளாஸ்டிக் மணியும் ஒட்டி அலங்கரிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. தீ எரியும் இடத்தில் பிளாஸ்டிக் எதற்கு?

"எல்லாமே உபயோகம், உபயோகம் என்றால் விளையாட்டே இல்லையா, டீச்சர்?" என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. விளையாட்டு இல்லாமல் என்ன? கொலுவுக்குப் பூங்கா கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். அகலத் தட்டில் மண் பரப்பி வெந்தயத்தைத் தூவுங்கள். மூன்று நாளில் முளைத்து, விஜயதசமிக்குள் விரல் உயரம் வந்துவிடும். பொம்மைகள் பெட்டிக்குள் போனதும் கிள்ளி எடுத்து, கழுவிப் பருப்பில் போடுங்கள். பூங்கா குழம்பாகிவிட்டது!

சமையல் என்றதும் பெண் பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அண்ணன்மார்களே, தம்பிமார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பசி ஆண், பெண் பார்த்தா வருகிறது? மழை நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் எல்லோருக்கும் பசிக்கும். அன்றைக்குச் சுண்டல் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை மூன்று டம்ளர் தண்ணீரில் ராத்திரியே ஊறப் போட வேண்டும். காலையில் அதே டம்ளரால் அளந்து பாருங்கள். இரண்டு டம்ளர் தாண்டும். கடலை தண்ணீரைக் குடித்திருப்பதை அறிவியல் புத்தகம் இல்லாமலே தெரிந்துகொள்வீர்கள். குக்கரில் வேகவைப்பதும் எண்ணெயில் தாளிப்பதும் பெரியவர் பக்கத்தில் நின்றால் மட்டும்தான். சின்னவர்களுக்கு வேறு வேலை உண்டு: கறிவேப்பிலை உருவலாம், தேங்காய் துருவும்போது தட்டைப் பிடித்துக்கொள்ளலாம். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, வெந்த கடலையைக் கொட்டி, உப்புப் போட்டுக் கிளறுங்கள். தேங்காயைக் கடைசியில் போட்டு இறக்கினால் போதும்.

தட்டு வேண்டாம். நாட்டு வாதாம் மரத்தின் பெரிய பச்சை இலை இரண்டைப் பறித்துக் கழுவி, ஈர்க்குச்சியால் இணைத்துத் தையுங்கள். ஈர்க்கு முனை வாயில் குத்தாதபடி அடிப்பக்கம் போகட்டும். கொஞ்சம் கோணலாகத்தான் வரும். சுண்டல் கீழே கொட்டாவிட்டால் சரி.

நாளைக்குக் கலெக்டர் லீவு விடுகிறாரோ இல்லையோ, கடலையை இன்று ராத்திரியே ஊறப் போட்டுவிடுங்கள். காலையில் நினைத்துக்கொண்டால் நாலு மணிக்கு வேகாது.