முதுகுவலிக்குப் படுக்கையா, பயிற்சியா?

முதுகு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னவுடன், சில நாள் அசையாமற் படுத்திருக்குமாறு அறிவுரை கூறுவது இந்நாட்டில் நெடுங்கால வழக்கம். அன்பினால் எழும் இவ்வறிவுரை பெரும்பாலும் நன்மை பயப்பதில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்து 1995ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கியது. புதிதாக முதுகுவலி கண்டவர்களுள், இரண்டு நாள் படுக்கையிற் கிடந்தவர்களைவிட, இயன்ற அளவு அன்றாட வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவிற் குணமடைந்தனர். அந்நாட்களில் தனிப் பயிற்சி செய்தவர்களும் அவர்களை மிஞ்சவில்லை. ஆகவே, பயிற்சிக்கு உரிய காலம் கடுமையான வலி தணிந்த பின்னரே. வலி நாட்பட்டு நிற்கும்போதும் அது தேவை. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நாட்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன; இடுப்புப் பட்டை அணிவதைப் பரிந்துரைக்கவில்லை.

இத்தகைய பயிற்சிகளுள் எளியது பாலப் பயிற்சி. யோக முறையில் இதனையொத்தது சேதுபந்தாசனம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையிற் பதித்து, இடுப்பை மெல்ல உயர்த்த வேண்டும். தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தாற் போதும். மூச்சை அடக்காமல் ஐந்து விநாடி நின்று, மெல்ல இறங்கலாம். தொடக்கத்தில் ஐந்தாறு முறை செய்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

குனிந்து நிமிரும்போதும் சுமை தூக்கும்போதும் பிட்டத் தசைகள் பெரும்பங்கு உழைக்கின்றன. அவை வலுவிழந்தால் அப்பொறுப்பு முதுகின் கீழ்ப்பகுதிமேல் விழுகிறது. பாலப் பயிற்சி பிட்டத் தசைகளையும், முதுகெலும்பின் இருமருங்கும் ஓடும் தசைகளையும் ஒருங்கே உழைக்கச் செய்கிறது. கருவியோ செலவோ வேண்டுவதில்லை. ஒரு பாய் விரிக்க இடமிருந்தாற் போதும்.

நாள் முழுதும் வயலில் உழைப்பவருக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று சிலர் வினவுவர். நாற்று நடுபவர் மணிக்கணக்கில் ஒரே நிலையிற் குனிந்திருக்கிறார். அது தசைகளைக் களைப்படையச் செய்யுமேயன்றிச் சீராக வலுப்படுத்தாது. கரும்பலகைமுன் நெடுநேரம் நிற்கும் ஆசிரியர் நிலையும் ஏறக்குறைய இதுவே.

ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோக நெறிமுறையில் சேதுபந்தாசனம் இடம்பெற்றுள்ளது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் யோகப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. ஆயினும் ஒருநாட் பயிற்சியால் எத்தசையும் வலுப்பெறாது. அன்றியும், மேடையில் மிகுதியாக வளைபவருக்கே கைதட்டல் கிடைக்கிறது. முதுகை வில்லாக வளைப்பது இப்பயிற்சியின் நோக்கமன்று. உயரத்தைவிட ஒழுங்கே முக்கியம். இதனை மாணவர்க்கு உணர்த்துவது ஆசிரியர் கடமை.

எல்லா முதுகுவலிக்கும் பயிற்சி மருந்தாகாது என்பதையும் களப்பணியாளர் மனத்திற்கொள்ள வேண்டும். காலில் வலுக்குறைவு, தொடையிடுக்கில் மரமரப்பு, சிறுநீர் கழிக்க இயலாமை, காய்ச்சல், கீழே விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். குடலிறக்கம் உடையவர்களும், நிறைமாதக் கர்ப்பிணிகளும் இப்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும்.

மற்றையோர்க்கு நாள்தோறும் பத்து நிமிடம் போதும். "படுத்திருங்கள்" என்று சொல்லிச் செல்வதினும், பாயில் அமர்ந்து பயிற்சியைச் செய்து காட்டுவதே மேலான தொண்டு.