விலை இருக்கட்டும்... முதல்ல வெயிட்டைச் சொல்லுங்க!

1976-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது 'ரீபேக்' மலைச்சரிவு சைக்கிள் பந்தயம். ஓட்டியது சஸ்பென்ஷனே இல்லாத பழைய சைக்கிள்களை. ஒருமுறை இறங்கினாலே பிரேக் சூடாகி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பெயர்க் காரணமே அதுதான்!

இன்றைய டிரெயில் பைக்குகளில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். பெரும்பாலும் காற்றில் இயங்குபவை. விலை லட்சங்களில் போகும். அதனால் டெஸ்ட் ரைடு அவசியம். ஆனால், 90 கிலோ ஆளுக்கு அடித்த காற்றோடு 55 கிலோ ஆள் ஓட்டினால், நல்ல பைக்கும் கட்டை வண்டியாகக் குதிக்கும்.

என்ன செய்யலாம்?

* பின் ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளுங்கள்.

* ஹெல்மெட், பையோடு மெதுவாக ஏறி உட்கார்ந்து, குலுக்காமல் இறங்குங்கள்.

* ஷாக் அமுங்கும் மொத்த தூரத்தில் 25 - 30 சதவிகிதம் வளையம் நகர்ந்திருந்தால் சரி. கூடினால் காற்று ஏற்றணும், குறைந்தால் இறக்கணும். இதற்கென்றே தனி பம்ப் உண்டு.

பிறகு மேட்டில் மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் ஊஞ்சல் ஆடுகிறதா? கல், வேர் மீது இறங்குங்கள். சக்கரம் தரையை விடாமல் போகிறதா?

வெயிட்டைக் கேட்காமலே ஓட்டக் கொடுக்கிறார்களா? நீங்களே சொல்லிவிட்டு ஏறுங்கள்!